வாசலில் ஒரு குடம் தண்ணீர்

என் பழைய செருப்பை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததே இல்லை. அடிலெய்டு விமான நிலையத்தில் கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் அடிப்பள்ளங்களில் எங்கள் வெள்ளாற்றங்கரை வண்டல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று காலையில் வயல் வரப்பில் ஒரு நடை போய்விட்டு வந்த செருப்பு அது.

தங்கை மகன் தொலைபேசியில் பத்து முறையாவது சொல்லியிருந்தான். "பெரியம்மா, விமானத்துல ஒரு அட்டை குடுப்பாங்க. சந்தேகம் வந்தா எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னே டிக் போடுங்க. சொல்லிட்டா தப்பே இல்ல. மறைச்சாத்தான் தப்பு." அப்படியே போட்டேன். ஊறுகாய், ஆமாம். விதை, ஆமாம். செருப்பில் மண், ஆமாம். அந்தப் பெண் என் மாங்காய் ஊறுகாயைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவன் வீட்டுத் தோட்டத்துக்காக நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோன அவரை விதையும் புடலை விதையும் அவரிடமே தங்கிவிட்டன. செருப்பை உள்ளே கொண்டுபோனார். சற்று நேரத்தில் கழுவித் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். புன்னகையோடு கொடுத்தார்! ஒரு தேசத்தின் வாசலில் நிற்கிற அதிகாரி என் செருப்பைக் கழுவித் தருகிறார். சிதம்பரத்தில் கீழைக் கோபுரத்தருகே செருப்பு விடும் கடையில்கூட இப்படி ஒரு மரியாதையை அது கண்டதில்லை.

மறுநாள் விடியலில் பரோசா பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். எனக்குத் தெரிந்த பெரிய குளிர் மார்கழித் திருவாதிரை விடியல்தான். தெற்கு வீதியில் தேங்கிக் கிடக்கும் பனி, ஈரத்தலை, நடுங்கும் பல். அதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். கார்க் கண்ணாடியில் பனி உறைந்து வெள்ளைத் தகடாகப் படிந்திருந்தது. தங்கை மகன் அதை ஒரு அட்டையால் சரசரவெனச் சுரண்டினான். இரண்டு டிகிரி என்றது வண்டிக்குள் இருந்த காட்டி. மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை. காற்றில் யூகலிப்டஸ் வாசனை. தலைவலித் தைலம் தடவிய நெற்றியைப் போல ஊர் முழுக்க ஒரே மணம்.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே எழுபது கிலோமீட்டர் போல இருக்கும். வழியில் செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் சாலை வந்ததும் "நிறுத்துடா கண்ணா" என்று கத்திவிட்டேன். சாலையின் இரண்டு பக்கமும் ஈச்ச மரங்கள்! ஒன்று இரண்டு இல்லை, இரண்டாயிரத்துக்கு மேல் என்றான். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஒயின் ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலை குறைந்துபோனபோது, கூலி நிற்காமல் இருக்க அவர்களைக் கொண்டு நட்ட மரங்களாம். கிள்ளைப் பக்கத்துப் பனைமரங்களைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. உறைபனிக்கு நடுவே ஈச்சமரம் நின்று பார்த்தது அன்றுதான்.

அடுத்த திருப்பத்தில் திராட்சைத் தோட்டங்கள். நான் எதிர்பார்த்தது பச்சைப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்திருக்கிறேன். அங்கே தலைக்கு மேல் பந்தல், அதன் கீழ் இருட்டும் குளிர்ச்சியும், கை நீட்டினால் பன்னீர்த் திராட்சைக் குலை. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-இல் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். பரோசாவின் ஜூலையிலோ ஒரு இலை இல்லை. கரிய அடிமரங்கள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. முழங்கால் மடித்து, இடுப்பு ஒடித்து, ஒரு கையை வானத்துக்கு வீசி, ஒவ்வொன்றும் ஒரு கோலத்தில். எங்கள் கோபுர வாசல் சுவர்களில் செதுக்கிய நூற்றெட்டுக் கரணங்களை அப்படியே பிடுங்கிக் கொண்டுவந்து மண்ணில் நட்டதுபோல இருந்தது. வரிசைகளின் நடுவே செம்மறி ஆடுகள் மேய்ந்தன. தரையெங்கும் மஞ்சள் பூ. குனிந்து பார்த்தால் நம்ம புளியாரையின் சாயல்! அதன் இனம்தான் என்றான். தென்னாப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்து பரவிய களையாம். அழகான வந்தேறி.

"இந்தப் பக்கத்துல 1843-ல நட்ட ஷிராஸ் கொடி இன்னும் காய்க்குது பெரியம்மா. தனுண்டா ஊர்ல, லாங்மைல் தோட்டத்துல." 1842-இல் ஜெர்மானியக் குடும்பங்கள் பெத்தனி என்ற இடத்தில் முதல் குடியிருப்பு போட்டார்கள் என்றும் சொன்னான். எனக்கு உடனே நெல்லிக்குப்பம் நினைவுக்கு வந்தது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை அங்கே தொடங்கிய வருஷமும் 1842 என்றுதான் சொல்வார்கள். நெல்லிக்குப்பத்தில் கரும்பாலைக்கு அஸ்திவாரம் போட்ட அடுத்த வருஷம் நட்ட கொடி இன்றைக்கும் பழம் தருகிறது! நம்பமுடியாமல் இரண்டு முறை கேட்டேன். இங்கே கொடிகளுக்கு வயதுப்படி பட்டம்கூட உண்டு. நூறு தாண்டினால் ஒன்று, நூற்றிருபத்தைந்து தாண்டினால் 'மூதாதை'.

அவன் வேலை பார்க்கும் தோட்டத்தின் வாசலுக்கு வந்தோம். எனக்குக் கால் பரபரத்தது. கதவைத் திறந்து நேராக அந்தக் கரணங்களுக்கு நடுவே ஓடவேண்டும் போல இருந்தது. தங்கை மகன் கையை நீட்டி மறித்தான்.

"இங்கேயே நில்லுங்க."

வாசலில் ஒரு பலகை. முன்னனுமதி இல்லாமல் கொடிகளுக்குள் நடக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில். பக்கத்தில் மேசை, அதன்மேல் வருகைப் பதிவேடு. பெயர், எங்கிருந்து வருகிறாய், கடந்த சில வாரங்களில் வேறு எந்தத் தோட்டத்துக்குள் போனாய், வண்டி எங்கெல்லாம் போனது, எல்லாம் எழுதவேண்டும். பிறகு அவன் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொடுத்தான். கட்டைத் தூரிகையால் அதன் அடியைத் தேய்த்தான். பொட்டு மண்ணும் இல்லாதபடி தேய்த்தான். கீழே ஒரு அகலமான தட்டில் தண்ணீர் போல ஏதோ இருந்தது. இரண்டு சதவீதக் குளோரின் கரைசல்.

"ஏறி நில்லுங்க. அறுபது எண்ணுங்க. அப்புறம் வேற தண்ணியில அலசக்கூடாது."

"ஏற்கெனவே தேய்ச்சாச்சேடா?"

"மண்ணு இருந்தா மருந்தோட வீரியத்தை அது தின்னுடும். அதனால முதல்ல தேய்க்கணும், அப்புறம்தான் முக்கணும்."

குளிரில் விறைத்து, குளோரின் மூக்கைத் துளைக்க, ஒரு தட்டுக்குள் நின்று ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். இருபத்தைந்து வந்திருக்கும். சட்டென்று அறுபது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

என் தாத்தாவுக்கு வெள்ளாற்றங்கரையில் அரைக்காணிக் கொடிக்கால் இருந்தது. அகத்தி வரிசை வரிசையாக நிற்கும். வாழைநாரால் கட்டிய வெற்றிலைக்கொடி அதன்மேல் படர்ந்து ஏறும். உள்ளே போனால் நண்பகலிலும் அந்திப்பொழுது மாதிரி இருக்கும். கவுளி கவுளியாக எண்ணி அடுக்கும் பெண்களின் விரல்களில் எப்போதும் வெற்றிலைக் காரத்தின் மணம். அந்தக் கொடிக்காலின் வாசலில் தாத்தா ஒரு மண்குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார். யாராக இருந்தாலும் செருப்பை வரப்பிலேயே விடவேண்டும். காலைக் கழுவவேண்டும். பக்கத்திலேயே வாய்க்கால் சலசலவென்று ஓடும். அதில் கழுவினால் திட்டுவார். "குடத்துத் தண்ணியில கழுவு பாப்பா, வாய்க்கால்ல கழுவாதே." வியாபாரி வந்தாலும் அதே சட்டம், மணியக்காரர் வந்தாலும் அதே சட்டம். கொடிக்காலில் லட்சுமி குடியிருக்கிறாள் என்பார்கள். நானும் அது சாமி விஷயம் என்றே நினைத்து வளர்ந்தேன்.

ஏன் வாய்க்காலில் கழுவக்கூடாது? அந்தத் தண்ணீர் நேராகக் கொடிக்காலுக்குள்தானே பாய்கிறது! காலில் இருக்கிற அழுக்கு வேர்வரைக்கும் போய்விடும். அறுபது வருஷம் கழித்து, பரோசாவின் ஒரு தோட்ட வாசலில், குளோரின் தட்டில் நின்றுகொண்டு எனக்கு அது விளங்கியது. "அறுபது ஆச்சு, வாங்க பெரியம்மா" என்று அவன் கூப்பிட்ட பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இத்தனைக்கும் அவர்கள் பயப்படுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மஞ்சள் பூச்சிக்கு. ஃபைலாக்ஸெரா என்று பெயர். நம்ம ஊர் அசுவினிக்குத் தூரத்து உறவு. தங்கை மகன் அதை வேர்ப்பேன் என்று தமிழ்ப்படுத்தி வைத்திருந்தான். மண்ணுக்கடியில் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும், பிறகு அழுகும். மேலே பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இலை வெளுக்கத் தொடங்கும்போது வேரில் ஒரு பட்டாளமே குடியேறியிருக்கும். ஆண் துணைகூட அவசியமில்லை. ஒரு பெண் பூச்சி இருநூறு முட்டை வரை இட்டுப் பெருகிவிடும். குஞ்சுப் பூச்சி எட்டு நாள் வரைக்கும் இரையே இல்லாமல் பூட்ஸிலோ, சட்டை மடிப்பிலோ, டிராக்டர் சக்கரத்திலோ ஒட்டிக்கொண்டு உயிர் வாழும்.

அதன் சொந்த ஊர் வட அமெரிக்கா. அந்த மண்ணின் கொடிகள் அதோடு பழகிப் பழகித் தாக்குப்பிடிக்கக் கற்றவை. 1860களில் அமெரிக்கக் கொடிகளை ஆசைஆசையாக இறக்குமதி செய்த பிரான்ஸுக்கு அது கூடவே வந்தது. ஐரோப்பியக் கொடிகளின் வேருக்கு அதை எதிர்க்கத் தெரியாது. தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. கொடியின் கீழ் உயிரோடு தேரையைப் புதைத்தவர்கள் உண்டாம். வயலையே வெள்ளத்தில் மூழ்கடித்தவர்கள் உண்டு. பிரெஞ்சு அரசு மருந்து கண்டுபிடிப்பவருக்கு மூன்று லட்சம் ஃபிராங்க் பரிசு என்று அறிவித்தது. கடைசியில் கிடைத்த வழி, அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவது. பூச்சியை ஒழிக்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது. பாண்டிச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்கள் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். பிள்ளைப் பருவத்திலிருந்து பார்க்கிற தெருக்கள். அங்கே விற்கிற ஒயின் புட்டிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சாவுக்கதை இருந்திருக்கிறது.

1877-இல் அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அரசாங்கமே கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பக்கத்து மாநிலமான தென் ஆஸ்திரேலியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. 1899-இல் இதற்கென்றே தனிச்சட்டம் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்த மாநிலத்துக்குள் இந்தப் பூச்சி வரவில்லை. அதனால்தான் இங்கே 1843-இன் கொடி ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கிறது. இப்போது ஆஸ்திரேலியா முழுவதையும் பூச்சி உள்ள வட்டம், நிலவரம் தெரியாத வட்டம், பூச்சி இல்லாத வட்டம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வட்டம் தாண்டுகிற அறுவடை இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் சான்றிதழ் வேண்டும். மெல்போர்னுக்குப் பக்கத்தில் யாரா பள்ளத்தாக்கில் 2006-இல் பூச்சி தெரிந்தபோது, "அன்னிக்கு இங்க இருந்தவங்க யாரும் தூங்கலையாம்" என்றான்.

இயந்திரங்களைச் சுத்தம் செய்கிற சூட்டறை ஒன்று இருக்கிறது என்று சொல்லி நம்பவைக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கழுவித் துடைத்த இயந்திரத்தை அப்படியே ஒரு அறைக்குள் ஓட்டிப்போய்க் கதவைச் சாத்தி, 45 டிகிரியில் எழுபத்தைந்து நிமிஷம் வேகவைக்கிறார்கள். அதற்கு அவன் சொன்ன உவமைதான் என்னைக் கட்டிப்போட்டது.

"நம்ம கரும்புக் கரணைக்குச் செய்யற மாதிரிதான் பெரியம்மா. காத்து கலந்த நீராவியில 50 டிகிரி, ஒரு மணி நேரம். புல்தண்டு நோய் விதைக்கரணையோட போகாம இருக்க. அண்ணாமலை நகர்ல ரெண்டாம் வருஷமே படிச்சேன். நம்ம ஊர்ல எத்தனை பேர் செய்யறாங்க சொல்லுங்க?"

எனக்குப் பதில் தெரியும். விதைக்கரணை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பக்கத்து வயலிலிருந்துதான் வருகிறது. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் பொறுக்கியெடுத்த ரகங்களின் பெயரிலேயே ஊரின் முதலெழுத்து இருக்கிறது. கோ.க. 671 என்ற கரும்பைச் சர்க்கரைச் சத்துக்காக மாநிலம் தாண்டிக் கொண்டாடினார்கள். செவ்வழுகல் நோய் அதைத்தான் ருசிபார்த்துத் தின்றது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, சாராய நாற்றம். அந்த நோய் கரணைக்குள்ளேயே உட்கார்ந்து ஊர்விட்டு ஊர் போகும். வாங்குகிறவன் கண்ணுக்கு அது நல்ல கரணை. 2008-இல் கோவைப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பஞ்சாக மூடியதும், 2016-இல் பொள்ளாச்சித் தென்னை ஓலைகளைச் சுருள் வெள்ளை ஈ கறுக்கவைத்ததும் வாசல் தாண்டி உள்ளே வந்த கதைகள்தானே. மாவுப்பூச்சியைத் தின்னும் குளவியை 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்துத்தான் மீண்டோம். கம்பத்துத் திராட்சை வேர்களிலும் நூற்புழு இருக்கிறது. அதுவும் நாற்றோடும் மண்ணோடும் பயணம் போகிற ஜாதிதான்.

தோட்டத்துக்குள் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கத்தரியின் சட் சட் ஓசை அந்தக் குளிர்காற்றில் வெகுதூரம் கேட்டது. வெட்டுப்பட்ட பெரிய காயங்களின்மேல் மருந்து கலந்த வண்ணம் பூசினார்கள். மழையில் பறந்துவரும் பூஞ்சை வித்து அந்தக் காயம் வழியாகப் புகுந்து, பல வருஷம் கழித்து அடிமரத்தையே கொன்றுவிடுமாம். எங்கள் வீட்டில் முருங்கைப் போத்து நட்டால் மேல்நுனியில் சாணி உருண்டை வைப்பார் அம்மா. அந்த உருண்டையை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

தரையெல்லாம் வெட்டிப்போட்ட குச்சிகள். பொன்னிறத்தில், விரல் பருமனில், நாலு கணு ஐந்து கணுவோடு. கடலூர் மாவட்டத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் ஒரு தோட்டத்துக்குள் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். ஒரு செம்பருத்திப் போத்து, ஒரு மல்லிப் பதியன், பண்ருட்டி போனால் ஒரு பலாக்கன்று. கேட்டு வாங்குவதில் அத்தனை சந்தோஷம், கொடுப்பதில் அதைவிட. குனிந்து ஒரு குச்சியை எடுத்தேன். நூற்றாண்டு தாண்டிய கொடியின் குச்சி! ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோய் முற்றத்தில் நட்டால் பிழைக்காதா? சால்வைக்குள் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணுடா கண்ணா. ஊருக்கு."

அவன் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னான். "பிரான்ஸுக்கும் ஒருத்தர் ஒண்ணே ஒண்ணுதான் கொண்டு போயிருப்பாங்க பெரியம்மா."

எங்கள் கொடிக்கால் போன விதமும் அதுதான். தாத்தா இருந்தவரை விதைக்கொடியை நாலு வருஷம் நோயே பார்க்காத தோட்டத்தில்தான் எடுப்பார். அவர் போன பிறகு சித்தப்பா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருவர் பிரியமாகக் கொடுத்த கொடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. அந்தக் கார்த்திகை மழையில் கொடிகள் அடித்தண்டு கறுத்து அழுகி, கட்டிய நாரோடு தொங்கின. வாடல் நோய். மண்ணிலும் தண்ணீரிலும் காலிலும் பரவுகிற பூஞ்சாணம். அடுத்த தை பிறப்பதற்குள் அகத்தி மட்டும் மொட்டையாக நின்றது. பாட்டி அதற்குப் பிறகு வெற்றிலை போடவே இல்லை.

குச்சியைச் சால்வையிலிருந்து எடுத்து, அவர்கள் மூட்டியிருந்த நெருப்பில் நானே போட்டேன். திராட்சைக் குச்சி எரிகிற புகைக்கு லேசான இனிப்பு மணம்.

மதியம் தோட்டக்காரர் வீட்டில் ஸ்ட்ராய்சல் கேக் கொடுத்தார்கள். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் பொடிப்பொடியாய் உதிர்ந்த ஜெர்மன் ரொட்டி. தோட்டக்காரருக்கு எழுபது வயது. தங்கை மகன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவரோ வாய் நிறையச் சிரிக்கிறார். எங்கள் கொடிக்காலைப் பற்றி அவன் அவருக்கு மொழிபெயர்த்தான். அவர் குடத்தைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி கேட்டார். எவ்வளவு பெரியது, எங்கே வைப்பீர்கள், கழுவிய தண்ணீர் எங்கே போகும்? கேட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னல் வழியே தன் வாசல் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அன்று இரவு இன்னொன்றும் யோசித்தேன். மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்களைத் தாத்தா கொடிக்காலுக்குள் விடமாட்டார். கொடி கருகிவிடும் என்பார். சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கால் கழுவச் சொன்ன சட்டத்துக்குக் காரணம் இருந்தது, அது வேரைக் காத்தது. இந்தத் தடைக்கு எந்த வேரும் சாட்சி சொல்லாது. இரண்டையும் ஒரே சாமிப் பேச்சில் கட்டிக் கொடுத்ததால்தான் எங்கள் தலைமுறை இரண்டையும் சேர்த்தே தூக்கிப்போட்டது. குடத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஊர் திரும்பிய வாரத்தில் கிராமத்துக்குப் போனேன். பழைய கொடிக்கால்களில் மிஞ்சியது ஒன்றுதான், எங்கள் நிலத்துக்கு இரண்டு வயல் தள்ளி. உறைபனி பார்த்துவிட்டு வந்த உடம்புக்கு ஆவணி வெயில் போர்வை மாதிரி இதமாக இருந்தது. வரப்பில் செருப்பை விட்டேன். வாசலில் குடம் இல்லை. கொண்டுபோயிருந்த பாட்டில் தண்ணீரால் காலைக் கழுவினேன், வாய்க்காலுக்குத் தள்ளி நின்று. உள்ளே கொடி இறக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை.

அப்போது ஒரு பையன் சைக்கிளை நிறுத்தினான். மாலைக்கு இலை எடுக்க வந்தவன், ஏற்கெனவே வேறு இரண்டு தோட்டம் பார்த்துவிட்டு வருகிறானாம். செருப்பு முழுக்க ஈரச் சேறு. நேராக உள்ளே காலை வைக்கப்போனான்.

"தம்பி! செருப்பு!"

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவன் திகைத்து என்னைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். பிறகு பின்னால் போய், என் செருப்புக்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலுக்காகக் கையை நீட்டினான்.